வீட்டு முயலின் கழிவுப் பெட்டி நாறாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் வளர்ப்பைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. கோலாலம்பூரின் வெக்கையும் ஈரமும் அவர்களுக்குத் தெரியாது. செந்தூல் ஃபிளாட்டிலோ செராஸ் கொண்டோவிலோ முயல் வைத்திருப்பவர் அந்த ஆலோசனைகளை அப்படியே பின்பற்றினால் ஒரே வாரத்தில் கூடம் நாறும். வீட்டில் ஆள் ஆளுக்கு முகம் சுளிப்பார்கள், கடைசியில் முயல் கூண்டோடு பால்கனிக்குப் போய்விடும். அப்படி வெயிலில் தள்ளப்படும் முயல்களை நினைத்துத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். நம் ஊரில் இது வேறு மாதிரி செய்யவேண்டிய வேலை. ஆனால் கஷ்டமான வேலை இல்லை.

முயல் வளர்த்தால் வீடே நாறும் என்கிறார்களே, உண்மையா?

முயலுக்கு நாற்றமே கிடையாது. பூனையைப் போல நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது. (அதனால் குளிப்பாட்டவே வேண்டாம். முயலுக்குக் குளியல் பெரும் அதிர்ச்சி.) அது போடும் உருண்டைப் புழுக்கையும் காய்ந்த புல்லின் வாசம்தான் அடிக்கும்.

நாறுவது சிறுநீர். அதுவும் போன உடனே பெரிதாக நாறாது. சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது. மூக்கில் குத்துவது அதுதான். சூடும் ஈரமும் கூடக்கூட இந்த வேலை வேகமாக நடக்கும். நம் ஊரில் பகலில் 32, 33 டிகிரி, இரவிலும் 24க்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை, காற்றில் எப்போதும் ஈரம். வேறொரு நாட்டில் ஐந்து நாள் தாங்கும் பெட்டி இங்கே இரண்டாம் நாளே நாறுவதற்கு இதுதான் காரணம். வெக்கையில் முயல் தண்ணீரும் அதிகம் குடிக்கும். பொதுவாக ஒரு முயல் உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை ஒரு நாளைக்குக் குடிக்கும். இரண்டு கிலோ முயல் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கீரையில் இருக்கும் தண்ணீர் தனி.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஈரம் பெட்டியில் தங்கக் கூடாது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

ஈரமான பகுதியைத் தினமும். முழுப் பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை.

தினமும் என்றதும் பயப்பட வேண்டாம். முயல்கள் பெரும்பாலும் பெட்டியின் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். காலையில் காப்பி போடத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் அந்த மூலையை மட்டும் ஒரு பழைய தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி புது மரத்தூள் உருண்டையை (வுட் பெல்லட், கீழே விவரம் இருக்கிறது) போட்டு, மேலே புதிதாக உலர்ந்த புல்லைப் பரப்பினால் முடிந்தது. புழுக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. காய்ந்த புழுக்கை இரண்டு நாள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

முழுச் சுத்தம் செய்யும் நாளில் பெட்டியைக் காலி செய்து, வெறும் தண்ணீரில் கழுவி, வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் நன்றாகக் காய வேண்டும். இந்தக் காயும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரப் பெட்டியில் புது உருண்டையைக் கொட்டினால் அது அப்போதே ஊறத் தொடங்கிவிடும்.

அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது, ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது வெயிலில் காயட்டும். கழுவுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு இடியோடு மழை வந்தால் காய வைக்க இடம் இருக்காது. மழை விடாத மாதங்களில் துணியால் துடைத்து ஃபேனுக்கு அடியில் வைத்தாலும் போதும்.

கழுவிய பெட்டியில் பழைய புழுக்கை ஒரு கைப்பிடி திருப்பிப் போட மறக்காதீர்கள். தன் வாசம் சுத்தமாகப் போய்விட்டால் சில முயல்கள் அது தன் இடம்தானா என்று குழம்பிப் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்துவிடும்.

எந்த மாதிரிப் பெட்டி வாங்குவது?

முயலுக்கென்று கடையில் விற்கும் முக்கோண மூலைத் தட்டை வாங்காதீர்கள். வளர்ந்த முயல் அதில் முன்பாதியை வைத்தால் பின்பாதி வெளியே நிற்கும், சிறுநீர் தரையில் போகும். முயல் உள்ளே ஏறி, திரும்பி, காலை நீட்டி உட்கார இடம் வேண்டும். பெரிய பூனைத் தட்டு போதும். பிளாஸ்டிக் சாமான் கடையில் துணி வைக்க விற்கும் பெட்டியை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தை மழமழவென்று தேய்த்துவிட்டாலும் நல்ல பெட்டிதான். மற்ற பக்கங்கள் உயரமாக இருப்பது நல்லது, ஏனென்றால் சில முயல்கள் வாலைத் தூக்கிக்கொண்டுதான் சிறுநீர் கழிக்கும். வயதான முயலுக்கு வாசல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

மூடி போட்ட பெட்டி வேண்டாம். நாற்றம் வெளியே வராதுதான். ஆனால் அவ்வளவும் உள்ளே உட்கார்ந்திருக்கும் முயலின் மூக்குக்குப் போகும்.

உள்ளே என்ன போடலாம்? பூனை மணல் போதாதா?

முயல் தான் உட்காரும் இடத்தில் இருப்பதைக் கடித்துப் பார்க்கும். அதனால் முதல் கேள்வி, தின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணல் வயிற்றிலும் கட்டியாகும். குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்க முடியாது. தோஃபூ மணல் என்று சோயாச் சக்கையில் செய்து விற்கிறார்கள். உண்ணும் பொருள்தானே என்று நம்பிப் போடுகிறவர்கள் உண்டு. அது உணவு வாசம் அடிப்பதாலேயே முயல் அதிகம் தின்னும், உள்ளே போய் ஊதும். சிலிக்கா கண்ணாடி மணிகளும் வேண்டாம்.

தேவதாரு, பைன் மரச்சீவல் இன்னொரு தப்பான தேர்வு. அவற்றின் நல்ல வாசம் பீனால் வகைச் சேர்மங்களால் வருவது. அதையே நாள் முழுக்கச் சுவாசிப்பது முயலின் ஈரலுக்குக் கெடுதல். மரக்கடையில் சும்மா கிடைக்கும் மரத்தூளில் தூசி அதிகம், என்ன மரம் என்றும் தெரியாது.

நல்லது இரண்டு. ஒன்று, அழுத்திச் செய்த மரத்தூள் உருண்டை, அதாவது வுட் பெல்லட். பைன் மரத்தில் செய்ததாக இருந்தாலும் சூட்டில் உலர்த்தித் தயாரிப்பதால் அந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் போய்விடும். பூனைக்கென்றே பெரிய மூட்டையாக விற்கிறார்கள், முயலுக்கும் அதுவே சரி. அடுப்பெரிக்க விற்கும் உருண்டையில் வேறு பொருள் கலந்திருக்கலாம், அதைத் தொடாதீர்கள். இரண்டாவது, காகித உருண்டை. விலை கூட, ஆனால் மென்மை.

மரத்தூள் உருண்டையில் எனக்குப் பிடித்த விஷயம், ஈரம் பட்ட இடம் மட்டும் பொலபொலவென்று தூளாகிவிடும். எதை எடுக்க வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். அடியில் இரண்டு செய்தித்தாள், மேலே இரண்டு சென்டிமீட்டர் உருண்டை, அதற்கு மேல் புல். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கனமாகக் கொட்டினால் அடியில் ஊறிக் கிடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

மேலே கம்பி வலை வைத்தால் முயல் ஈரத்தில் உட்காராது அல்லவா?

நாய் பூனையைப் போல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பி மேல் நின்றால் குதிகாலில் முடி உதிர்ந்து, சிவந்து, புண்ணாகிவிடும். ஈரம் சேர்ந்தால் அந்தப் புண் ஆறவே ஆறாது. வலை வைத்தே ஆகவேண்டும் என்றால் வழவழப்பான பிளாஸ்டிக் வலையாகப் பார்த்து, மேலே கனமாகப் புல் பரப்புங்கள். தினமும் ஈரத்தை எடுக்கும் வீட்டில் வலைக்கு அவசியம் இல்லை.

சாப்பிடும் புல்லைக் கழிவுப் பெட்டியிலேயே போடுவதா? அசிங்கமாக இருக்கிறதே.

நமக்குத்தான் அப்படித் தோன்றும். முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது மணிக்கணக்கில் உட்காரும். பெட்டியின் ஒரு முனையில் புல்லைக் குவித்து வைத்தால் பழக்கும் வேலையில் பாதி முடிந்தது. நனைந்த புல்லை அது தொடாது, நீங்கள் எடுத்துப் போட்டுவிடலாம்.

வளர்ந்த முயலுக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு டிமோத்தி போன்ற உலர்ந்த புல்லாகத்தான் இருக்க வேண்டும். இங்கே கடையில் கிடைப்பது இறக்குமதிச் சரக்கு, விலை குறைவில்லை. நம் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்தால் மொத்தமும் வீண். பையைத் தரையில் வைக்காமல் கொஞ்சம் உயரத்தில், அட்டைப்பெட்டியிலோ துணிப்பையிலோ காற்றோட்டமாக வையுங்கள். மக்கிய வாசம் வந்தால், வெள்ளையாகப் பொடி பறந்தால், யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

புதிதாக வந்த முயலை எப்படிப் பழக்குவது?

அதுவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும் வரை இரண்டு நாள் பாருங்கள். அது தேர்ந்தெடுத்த இடத்தில் பெட்டியை வையுங்கள். நீங்கள் விரும்பும் மூலைக்கு அதை இழுக்கப் பார்த்தால் தோற்பது நீங்கள்தான். வெளியே கிடக்கும் புழுக்கைகளைப் பொறுக்கி உள்ளே போடுங்கள். தரையில் போன சிறுநீரை டிஷ்யூவில் ஒற்றி அதையும் பெட்டிக்குள் வையுங்கள். வாசம் பிடித்து அங்கேயே போகும்.

முதலில் சிறிய இடம் கொடுங்கள். வேலி கட்டிய ஒரு மூலை போதும். சில நாள் தவறாமல் பெட்டியில் போகத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைக் கூட்டலாம். வந்த முதல் நாளே வீடு முழுக்க ஓடவிட்டால் வீடு முழுக்கத்தான் போகும்.

அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், மூக்கைச் சிறுநீரில் தேய்க்காதீர்கள். முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. எதற்காக அடித்தீர்கள் என்று அதற்குப் புரியாது, உங்களைக் கண்டால் ஓட மட்டும் கற்றுக்கொள்ளும்.

நன்றாகப் பழகியிருந்த முயல் திடீரென்று பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறது. ஏன்?

முதலில் வயதைப் பாருங்கள். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பருவம் வரும்போது முயல் தன் எல்லையைக் குறிக்கத் தொடங்கும். ஆண் முயல் சுவர், சோபா, உங்கள் கால் என்று பீய்ச்சியடிக்கும். அந்தச் சிறுநீரின் நாற்றமும் கடுமை. பெட்டியை எத்தனை முறை கழுவினாலும் இது நிற்காது.

இதற்குத் தீர்வு கருத்தடை அறுவைதான். ஆண் முயலுக்கு விதைகள் இறங்கியபின் செய்யலாம், பெண் முயலுக்குப் பொதுவாக ஐந்தாறு மாதத்தில் செய்வார்கள். ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும், மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆண் முயல் அறுவைக்குப் பிறகும் சில வாரம் சினையாக்கும் திறனோடு இருக்கும், அதுவரை பெண் முயலோடு விடக்கூடாது. பெண் முயலுக்கு இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். "பாவம், எதற்கு வெட்டுவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எல்லா விலங்கு மருத்துவரும் முயலுக்கு அறுவை செய்வதில்லை. நாய் பூனைக்குச் செய்வதுபோல் முயலுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. முயல் பார்த்துப் பழகியவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

கருத்தடை செய்த முயல் தவறினால் வேறு காரணம். புது முயல் வந்திருக்கலாம், வீட்டில் சாமான் இடம் மாறியிருக்கலாம், பெட்டி அழுக்காக இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால், பின்பக்கம் எப்போதும் நனைந்திருந்தால், சிறுநீர்ப்பையில் கல்லோ சேறோ இருக்கலாம். வயதான முயலுக்கு மூட்டுவலியால் பெட்டி ஏற முடியாமலும் போகலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெட்டியின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிகிறது. சோப்பில் போகவில்லை.

அது ஏறக்குறைய சுண்ணாம்பேதான். நம் உடம்பு உணவிலிருந்து தேவையான அளவு கால்சியத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். முயலோ கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அது காய்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இந்தப் படிவில்தான் நாற்றம் பிடித்துக்கொள்ளும். கழுவிய பெட்டி மறுபடி சீக்கிரம் நாறுவதும் இதனால்தான்.

சோப்புக்கு அசையாதது அமிலத்துக்குக் கரையும். சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரை, தண்ணீர் கலக்காமல், படிவு மூழ்கும் அளவுக்கு ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நுரைத்துக் கரையும். பழைய படிவு என்றால் இரவு முழுக்க ஊறட்டும். சிட்ரிக் அமிலப் பொடியைச் சுடுதண்ணீரில் கரைத்தும் ஊற்றலாம். ஒரு எச்சரிக்கை: தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைக்கப் பயன்படுத்தும் அமிலத்தையும் மலாயில் வினிகரைப் போலவே சுக்கா என்றுதான் சொல்வார்கள். அது பார்மிக் அமிலம், தோலைப் பொசுக்கிவிடும். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம்.

கொஞ்சம் படிவது இயல்பு. மாவு கரைத்ததுபோலக் கெட்டியாகச் சிறுநீர் வந்தால் உணவைக் கவனியுங்கள். வளர்ந்த முயலுக்கு ஆல்ஃபால்ஃபா புல் வேண்டாம், அதில் கால்சியம் மிக அதிகம், குட்டிகளுக்குத்தான் அது. நம் வீடுகளில் முருங்கைக்கீரை மலிவாகக் கிடைக்கிறது என்று தினமும் கட்டுக்கட்டாகப் போடுவார்கள். முருங்கையிலும் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. எப்போதாவது ஒரு கொத்து என்றால் சரி. தண்ணீரைக் கூண்டில் மாட்டும் குழாய்ப் புட்டியில் வைக்காமல் கனமான கிண்ணத்தில் வைத்தால் முயல் அதிகம் குடிக்கும், சிறுநீரும் நீர்த்துப் போகும்.

சிறுநீர் சிவப்பாக வருகிறது. ரத்தமா?

பெரும்பாலும் இல்லை. முயலின் சிறுநீர் வெளிர் மஞ்சள் முதல் ஆரஞ்சு, செங்கல் நிறம் வரை மாறும். செடிகளில் உள்ள நிறமிகளால் வருவது, ஒன்றிரண்டு நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். முழுச் சிறுநீரும் ஒரே சீராகச் சிவந்திருந்தால் அனேகமாக நிறமி. மஞ்சள் சிறுநீருக்கு நடுவே சிவப்புத் திட்டும் கட்டியும் தெரிந்தால், அல்லது முயல் சாப்பிடாமல் சுருண்டிருந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். கருத்தடை செய்யாத பெண் முயலானால் இன்னும் அவசரம்.

குளோரோக்ஸ், டெட்டால் போட்டுக் கழுவலாமா?

தினசரிச் சுத்தத்துக்கு இரண்டும் வேண்டாம்.

குளோரோக்ஸ் போன்ற பிளீச் சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுப்புகை வரும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் இந்தக் கலவை உங்கள் நுரையீரலுக்கே ஆபத்து. "வினிகரும் போட்டேன், குளோரோக்ஸும் ஊற்றினேன், இரட்டைச் சுத்தம்" என்று தயவுசெய்து செய்யாதீர்கள்.

நோய் வந்த முயலின் பெட்டியைக் கிருமிநீக்கம் செய்யப் பிளீச் தேவைப்படலாம். உதாரணமாக, இ.குனிகுலி என்ற ஒட்டுண்ணி சிறுநீர் வழியாகப் பரவி முயலின் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அப்போது முதலில் பெட்டியைச் சோப்பும் தண்ணீரும் விட்டு முழுக்கக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, காற்றோட்டமான இடத்தில் பத்து நிமிடம் வைத்து, வாசம் போகும் வரை அலசிக் காயவையுங்கள்.

தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் பினாயில் வகைகளை முயல் இருக்கும் பக்கமே கொண்டுவராதீர்கள். தரை துடைக்கவும் வேண்டாம். அந்தத் தரையில் நடந்துவிட்டு முயல் தன் பாதத்தை நக்கும்.

சாம்பிராணி, ரூம் ஸ்பிரே, வாசனைப் பொடி?

நாற்றத்தின் மேல் வாசனையைப் போர்த்தினால் நமக்குத் தெரியாமல் போகும், அம்மோனியா அங்கேயே இருக்கும். முயல் மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி, அதன் நுரையீரலும் சிறியது. பெட்டியில் நாற்றம் நமக்கு லேசாகத் தெரியும்போதே, தரையோடு தரையாக மூக்கை வைத்திருக்கும் அதற்குக் கண்ணும் மூச்சும் எரியத் தொடங்கியிருக்கும். நாள்பட்டால் மூக்கொழுகலும் தும்மலும் வரும், பாஸ்ட்யூரெல்லா போன்ற கிருமிகள் பிடித்துக்கொள்ளும். வாசனை ஸ்பிரேயும் அதே மூக்கைத்தான் தாக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கத்தை விடவேண்டாம், அந்த நேரம் முயலை வேறு அறையில் வைத்துக் கதவை மூடி, புகை அடங்கியபின் வெளியே விடுங்கள். புகைமூட்டம் வந்து ஜன்னல்களைச் சாத்தி வைக்கும் நாள்களில் பெட்டியை முழுதாகத் தினமும் மாற்றுங்கள்.

சமையல் சோடாவைச் செய்தித்தாளுக்கு அடியில் ஒரு சிட்டிகை தூவலாம். வினிகரோடு கலந்து ஊற்றுவதில் பயன் இல்லை. நுரைக்கும், அவ்வளவுதான், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும்.

தரையிலும் மெத்தையிலும் பிடித்த நாற்றம்?

மெத்தைக்கு, செல்லப் பிராணிக் கடையில் என்சைம் கரைசல் கிடைக்கும். நனைய ஊற்றி, அதுவாகக் காயும் வரை விட வேண்டும், உடனே துடைத்தால் வேலை செய்யாது. டைல்ஸ் தரைக்கு வினிகர் போதும். கொண்டோக்களில் கூடத்துக்கு மார்பிள் போட்டிருந்தால் வினிகர் கூடவே கூடாது, சிறுநீர்ப் படிவைக் கரைக்கும் அதே அமிலம் மார்பிளையும் அரிக்கும்.

ஒட்டிக்கொண்டு, பளபளவென்று, திராட்சைக் கொத்து மாதிரி ஒன்று கிடக்கிறது. கடுமையாக நாறுகிறது. வயிற்றுப்போக்கா?

இல்லை. அது மென்புழுக்கை. முயல் அதை வெளியே வரும்போதே வாயால் எடுத்து மறுபடி தின்றுவிடும், அதில் அதற்குத் தேவையான புரதமும் வைட்டமினும் இருக்கின்றன. பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால் நாம் பார்ப்பதில்லை. எப்போதாவது ஒரு கொத்து மிச்சம் கிடந்தால் கவலை வேண்டாம். தினமும் கிடந்தால் தீனி உருண்டை, வாழைப்பழம், பிஸ்கட் ஆகியவற்றைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். குண்டான முயலுக்குக் குனிந்து எடுக்க முடியாமலும் போகும். உண்மையான வயிற்றுப்போக்கு தண்ணீராக இருக்கும், குட்டிக்கு வந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

ஈ வருகிறது. பெரிய விஷயமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். சிறுநீரோ மென்புழுக்கையோ ஒட்டிய முயலின் பின்புறத்தில் ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு பொரிந்து, உயிரோடு இருக்கும் முயலின் சதையைத் தின்னத் தொடங்கும். குளிர்நாட்டில் இது கோடைக்கால நோய். நமக்கு வருடம் முழுக்கக் கோடைதான். தினமும் ஒரு முறை முயலைத் தூக்கி, வாலுக்கு அடியில் பாருங்கள். வயதான, குண்டான முயல் என்றால் இரண்டு முறை. ஒரு புழுவைக் கண்டாலும் இரவு என்று பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பெட்டி இருக்கும் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பெட்டியையும் முயலையும் பால்கனியில் வைத்துவிட்டால் நாற்றத் தொல்லை இல்லையே?

முயலால் நம்மைப் போல வியர்க்க முடியாது. 30 டிகிரியை நெருங்கும்போதே அது திணறத் தொடங்கும், மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில் ஒரே பிற்பகலில் இறந்துவிடக்கூடும். முயல் உள்ளே, ஃபேன் காற்றில் இருக்கட்டும். கழுவிய பெட்டி மட்டும் பால்கனியில் காயட்டும். ஊறவைத்த பெட்டியைத் தண்ணீரோடு நாள்கணக்கில் அங்கே விடாதீர்கள், ஏடிஸ் கொசு வளரும், 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் வரும்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளில், மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வளர்க்கக்கூடாது என்று இருக்கிறது. முயலுக்குச் சத்தம் கிடையாது. புகார் வந்தால் நாற்றத்தால்தான் வரும்.

எடுத்த கழிவை எங்கே போடுவது?

கழிப்பறையில் மட்டும் வேண்டாம். மரத்தூள் உருண்டை தண்ணீரில் ஊதிக் குழாயை அடைத்துவிடும். பையில் இறுக்கிக் கட்டிச் சாதாரணக் குப்பையில் போடலாம். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பதால், மறுசுழற்சிப் பையில் இது கலந்துவிடக்கூடாது, சிறுநீர் பட்ட செய்தித்தாளும் அங்கே போகக்கூடாது.

புழுக்கையைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. கோழி எருவை மக்கவைக்காமல் போட்டால் செடி கருகும். முயல் புழுக்கையை அப்படியே செடியடியில் போடலாம். வாசலில் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைக்கு ஒரு கைப்பிடி தூவி மண்ணால் மூடுங்கள், தளிர் விடுவதைப் பார்ப்பீர்கள். சிறுநீர் ஊறிய தூளை மட்டும் நேராகப் போடாதீர்கள், மக்கவைத்தபின் போடலாம்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பெட்டியைத் தொடலாமா?

கர்ப்பிணிகளை மிரட்டும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக் கழிவில் வருவது, முயல் அதைக் கழிவில் வெளியேற்றுவதில்லை. கையுறை போட்டு, பின்பு சோப்பால் கை கழுவினால் போதும். வாடைக்குக் குமட்டினால் அந்தச் சில மாதம் வீட்டில் வேறு யாராவது செய்யட்டுமே. நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், உதாரணமாகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், பெட்டி சுத்தம் செய்யும் வேலையை விட்டுவிடுவது நல்லது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது?

ஒரு நாளுக்கு மேல் முயலைத் தனியாக விடவே கூடாது. அக்காவிடம் சாவியைக் கொடுத்து, காலையில் ஈர மூலையைச் சுரண்டுவது, புல்லும் தண்ணீரும் வைப்பது, இதை மட்டும் ஒரு முறை செய்துகாட்டுங்கள். முழுப் பெட்டியைக் கழுவும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். காய்ந்த இரண்டாவது பெட்டியை உருண்டையும் புல்லும் போட்டுத் தயாராக வைத்துவிட்டால், மூன்றாம் நாள் அவர் மாற்றி வைத்தால் போதும். பட்டாசுச் சத்தத்துக்கு முயல் மிரளும், முயல் இருக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தி ஃபேனை ஓடவிடச் சொல்லுங்கள்.

பெட்டியில் புழுக்கை இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்வது எல்லாவற்றையும் விட முக்கியம். நல்ல முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகப் புழுக்கையே இல்லை, புல்லும் குறையவில்லை என்றால் குடல் நின்றுவிட்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்க முடியாத அவசரம் அது. பண்டிகை நாளில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்று முன்பே விசாரித்து, அந்த எண்ணைப் பெட்டிக்கு நேர் மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.